அபிகாயில் வாங்கிய பூட்ஸ்

எங்கள் வீட்டுக் குளியலறையில் இரண்டு பக்கெட்டுகள் உண்டு. பச்சை பக்கெட் நாங்கள் குளிக்க. சிவப்பு பக்கெட் பூட்ஸுக்கு. காலை அவசரத்தில் தெரியாமல் சிவப்பை இழுத்துவிட்டால், உள்ளே ஒற்றை பூட்ஸ் கணுக்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். மிதக்காமல் இருக்க அதற்குள் ஒரு கல் வேறு. ஊரிலிருந்து வந்திருந்த என் தங்கை அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறோம். அது என் மனைவி அபிகாயிலின் ஆபீஸ் வேலை.

அபி தாம்பரம் மேற்கில் ஒரு சிறிய செக்யூரிட்டி ஏஜென்சியில் பர்ச்சேஸ் பார்க்கிறாள். அப்பார்ட்மெண்ட் வாசலில் நிற்கும் காவலாளிகளுக்குச் சட்டை, பெல்ட், பூட்ஸ், டார்ச், மழைக்கோட்டு, விசில் என்று என்ன வாங்கினாலும் அவள் கை பட்டுத்தான் போகும். இந்தச் சாமான்களுக்குக் கடைக்காரர்கள் இப்போது வைத்திருக்கும் பெயர் 'டாக்டிகல் கியர்'. நான் குரோம்பேட்டையில் ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருப்பவன். "மிஸஸ் என்ன பண்றாங்க அசரியா?" என்று யாராவது கேட்டால், "டாக்டிகல் கியர் பர்ச்சேஸ்" என்பேன். கேட்டவர் முகத்தில் சட்டென்று ஒரு மரியாதை வரும். விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால் அவராகவே ஏதோ கற்பனை செய்துகொள்வார். நான் திருத்துவதில்லை.

அவள் அப்பா சேலையூரில் பள்ளிக்கூட ஆசிரியர். மகளும் டீச்சராக வேண்டும் என்பது அவருடைய ஜெபம். மகளோ பி.காம். முடித்த கையோடு தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் ஓர் ஆயத்த ஆடை கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குப் போய்விட்டாள். சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பது அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். எங்கள் கல்யாணத்துக்கு எனக்குத் தைத்த கோட்டையும் கடையிலேயே உள்பக்கம் திருப்பினாள். தையல்காரர் முகம் போன போக்கைப் பார்த்து நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கோட்டில் இன்றுவரை ஒரு தையல் விடவில்லை. என்னால்தான் அதற்குள் நுழைய முடியவில்லை.

அந்தக் கம்பெனி மூடிய பிறகு ஏஜென்சியில் கணக்கு எழுதத்தான் சேர்ந்தாள். சேர்ந்த வருஷம் முதல் மழையில் காவலாளிகள் நீல நிறமாகத் திரும்பி வந்தார்கள். மலிவாகக் கிடைத்ததென்று யாரோ வாங்கிப்போட்ட மழைக்கோட்டு சாயம் விட்டு, சட்டை, கழுத்து, காது எல்லாம் நீலம். முதலாளி மோகன்ராஜ் நல்ல மனிதர், ஆனால் செலவு என்றால் அவருக்கு நெஞ்சு அடைக்கும். அவரிடம் போய், "சார், அடுத்த தடவை மொத்தமா வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணு குடுங்க. வீட்ல நனைச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். அதிலிருந்து பர்ச்சேஸ் அவளுடையது, அவஸ்தை என்னுடையது.

சும்மா சொல்லவில்லை. டார்ச் வாங்கினால் மாடியிலிருந்து கீழே போட்டுப் பார்ப்பாள். பெல்ட் வாங்கினால் அதில் அரிசி மூட்டையைக் கட்டிக் கொடிக்கம்பியில் தொங்கவிடுவாள். பூட்ஸ் வந்தால் முதலில் பக்கெட், பிறகு என் கால். எல்லாக் காவலாளிகளின் கால் அளவும் என் கால் அளவும் ஒன்று என்று கர்த்தர் அவளுக்கு மட்டும் தனியாகச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடை போகும் பெரியவர்கள் எல்லாரும் கேன்வாஸ் ஷூவில் போகும்போது, நான் மட்டும் அரை டிராயரும் கறுப்பு பூட்ஸுமாகத் தடதடவென்று போவேன். "என்ன சார், பார்டருக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று ஒருவர் தினமும் கேட்பார். பதில் சொல்லிச் சலித்து, ஆமாம் சார் என்று சொல்லத் தொடங்கினேன்.

அவளிடம் ஒரு கொள்கை இருந்தது. பார்க்கிறவர் கண்ணுக்காக வாங்குவதில் மிச்சம் பிடிக்க வேண்டும், போடுகிறவர் உடம்பைத் தொடுவதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. தொப்பியில் இருக்கும் சின்னம், தோள்பட்டைக் கயிறு, மார்பில் பெயர்ப்பட்டை இதெல்லாம் எவ்வளவு மலிவோ அவ்வளவு நல்லது. பூட்ஸ், மழைக்கோட்டு, டார்ச் இதிலெல்லாம் கடைக்காரன் சொல்லும் விலையைக் குறைப்பாள், தரத்தைக் குறைக்க விட மாட்டாள். இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு மோகன்ராஜோடு அவள் போட்ட சண்டைகளைத் தனிப் புத்தகமாக எழுதலாம். ஜெயித்தது பெரும்பாலும் அவள்தான், ஏனென்றால் அவர் மேஜையில் வைத்துப் பேச அவளிடம் எப்போதும் நனைந்த சாட்சி ஒன்று இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்கு மேடவாக்கத்தில் ஒரு மேடு வந்தது.

அங்கே பல பிளாக்குகள் கொண்ட பெரிய அப்பார்ட்மெண்ட். ஓ.எம்.ஆர். ஆபீஸ்களுக்குப் போகும் ஜனங்கள், தண்ணீர் லாரி, டெலிவரி வண்டி என்று வாசலில் எப்போதும் கூட்டம். ஏஜென்சிக்கு இருந்ததிலேயே பெரிய இடம் அதுதான். அசோசியேஷனுக்குப் புதிதாகச் செயலாளர் ஆன ஜாய்சன், ஐ.டி.யில் பெரிய வேலை, ஓய்வு நாளில் மலையேற்றம். கெட்டவர் இல்லை. ஆனால் வாசலில் நிற்பவர்கள் கமாண்டோ மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். கறுப்பு உடை, நிறையப் பை வைத்த வெஸ்ட், உயர பூட்ஸ், கையுறை, முழங்காலுக்குப் பட்டை. அப்படி ஆட்களை அனுப்ப வேறோர் ஏஜென்சி தயாராக இருப்பதாகவும் சொல்லிவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் மாற்றிக் காட்டினால் ஒப்பந்தம் நீடிக்கும், இல்லாவிட்டால் இல்லை.

இல்லை என்றால் யாருக்கு இல்லை என்பதுதான் விஷயம். அந்த வாசலில் நிற்கும் சிட்டிபாபுவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் புது இடத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். கன்னியம்மா கானத்தூர் குப்பத்துக்காரி, விடியற்காலையில் கரைக்குப் போய் மீன் எடுத்து மாமியாரிடம் விற்கக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் பஸ் பிடித்து டியூட்டிக்கு வருகிறவள். இதைவிடத் தூரத்தில் வேலை என்றால் அவளுக்கு அந்த மீனும் போகும், வேலையும் போகும். அவர்களைப் போல அங்கே இன்னும் பலர். "இவங்க வேலை இப்போ என் கையில இருக்குங்க" என்று அபி என்னிடம் சொன்னபோது அவள் குரலில் வழக்கமான கேலி இல்லை.

ஜாய்சன் அனுமதித்த தொகையோ ஆசைக்கும் கைக்கும் நடுவில் நின்றது. அபி என்னையும் அழைத்துக்கொண்டு பாரிமுனைச் சந்துகளில் அலைந்தாள். ஒரு கடைக்காரர் பளபளவென்று ஒரு பூட்ஸை எடுத்து வைத்தார்.

"மேடம், இது கமாண்டோ மாடல். இதைவிட சீப்பா யாரும் குடுக்க முடியாது."

அபி அதை மோந்து பார்த்தாள். அடியை இரண்டு கையாலும் மடக்கினாள். உள்ளே கையை விட்டுத் தைத்த இடத்தைத் தடவினாள். "எந்த கமாண்டோங்க இதைப் போட்டுக்கிட்டு பன்னெண்டு மணி நேரம் கேட்ல நிக்கிறாரு?" என்று கேட்டாள்.

"போட்டோல சூப்பரா இருக்கும் மேடம்."

"போட்டோவுக்குக் கால் வலிக்காது" என்று அதைத் திருப்பி வைத்தாள்.

கடைசியில் அவள் செய்த தேர்வு இதுதான். வெஸ்ட் மலிவில், ஆனால் தோளில் மட்டும் அழுத்தமான தையல். கையுறையும் முழங்கால் பட்டையும் இருப்பதிலேயே மலிவானது. மிஞ்சியதை எல்லாம் பூட்ஸில் கொட்டினாள். அசல் தோல், வழுக்காத அடி, கெண்டைக்கால்வரை கயிறு கட்டுகிற உயரம். சிவப்பு பக்கெட்டில் முழுதாக ஒரு நாள் நின்றும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. நானும் ஏரிக்கரையில் நடந்து பார்த்துவிட்டு, "கால் ஜம்முனு இருக்கு அபி. ஆனா மாட்டறதுக்கும் கழட்டறதுக்கும் உயிர் போகுது" என்றேன். "உங்களுக்குக் குனிய சோம்பேறித்தனம்" என்று அவள் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிட்டாள்.

புது உடையில் முதல் நாள் அணிவகுத்து நின்றபோது எல்லாரும் வேறு ஆட்கள் ஆகிவிட்டார்கள். சிட்டிபாபு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சே விடாமல் நின்றார். கன்னியம்மா தன்னைத்தானே செல்போனில் படம் எடுத்துக் குப்பத்துக்கு அனுப்பினாள். ஜாய்சன் கைகுலுக்கினார். அபி அன்று இரட்டை முட்டை போட்டு எனக்குத் தோசை வார்த்தாள். எனக்கு அவ்வளவுதான் பங்கு, ஆனாலும் பெருமையாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரமே அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. கறுப்புத் தொப்பி, கறுப்பு வெஸ்ட், கறுப்பு பேண்ட், இடுப்பில் லத்தி என்று வாசலில் விறைப்பாக நிற்கிறார் சிட்டிபாபு. காலில் நீல ரப்பர் செருப்பு. குளியலறையில் போடுவோமே, அதேதான். கீழே யார் யாரோ சிரித்துக் குவித்திருந்தார்கள். ஜாய்சன் அதை மோகன்ராஜுக்கு அனுப்பி, வரும் பொதுக்குழுவுக்கு அந்த இன்னொரு ஏஜென்சியையும் வரச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தார்.

மோகன்ராஜ் கொதித்துப்போனார். "அவ்வளவு காசு போட்டு வாங்கின பூட்ஸ் ரூம்ல தூங்குது மேடம். எல்லாருக்கும் ஃபைன் போடப் போறேன்."

"ஃபைன் போட்டா பயந்து போடுவாங்க சார். ஏன் போடலைன்னு நமக்குத் தெரியாமலே போயிடும்" என்றாள் அபி. "நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

சனிக்கிழமை எனக்கு விடுமுறை என்பதால் ஸ்கூட்டர் ஓட்ட என்னைப் பிடித்துக்கொண்டாள். காவலாளி அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் வாசலையே பார்த்தாள். பூட்ஸ் போட்டுக்கொண்டு வேலை செய்யும்படி மட்டும் சிட்டிபாபுவிடம் சொல்லியிருந்தாள்.

அந்த வளாகத்தின் நுழைவாயிலில், எல்லா அப்பார்ட்மெண்டிலும் இருப்பதுபோல, சின்னப் பிள்ளையார் கோயில் உண்டு. காலையில் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுவது டியூட்டிக்கு வருகிற காவலாளியின் வேலை. சிட்டிபாபு தரையில் உட்கார்ந்து கயிற்றை ஒவ்வொரு துளையாகத் தளர்த்தி, பூட்ஸைப் பிடித்து இழுத்து, காலுறையைக் கழற்றி எழுந்தார். விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, திரும்ப முதலிலிருந்து கட்டினார். கட்டி முடிக்கும்போது மூன்றாவது மாடியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். தண்ணீர் கேன் வந்திருக்கிறது, உள்ளே கொண்டுவந்து கவிழ்த்துத் தர வேண்டும். அந்த வீட்டு வாசலில் மறுபடியும் உட்கார்ந்து கழற்றல். கீழே வந்து கட்டல். அதற்குள் வாசலில் தண்ணீர் லாரி ஹார்ன் அடிக்கிறது. அடுத்து ஒரு பெரியவருக்குச் சிலிண்டரை நகர்த்தித் தர வேண்டும். கன்னியம்மாவும் இதே கதைதான். எந்த வீட்டுப் படியையும் யாரும் ஷூவோடு தாண்ட முடியாது. ஜாய்சன் வீட்டு வாசலிலேயே, காலணிகளை வெளியே விடவும் என்று அழகான பலகை தொங்கியது.

மதியம் சிட்டிபாபு வந்து அபிக்கு எதிரில் நின்றார். வேர்த்துக் கொட்டியிருந்தது.

"மேடம், பூட்ஸ் சூப்பரா கீது. நான் பொய் சொல்லல. ஆனா இத்த அவுத்து முடிக்கிறதுக்குள்ள கையில கொளுத்துன கற்பூரம் அணைஞ்சி பூடுது. பிள்ளையாரே பேஜாராயிட்டாரு."

"அதுக்குத்தான் செருப்பாண்ணா?"

"இன்னா பண்றது மேடம். ரூமாண்ட கிடந்துச்சி, மாட்டிகினு ஓடுறேன்."

பக்கத்தில் நின்ற கன்னியம்மா சொன்னாள், "அக்கா, நானு லேஸ் கட்டிகினு கீறப்பவே லிஃப்ட் மேல பூடுது. அப்பால படியேறித்தான் போவணும்."

அபி இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "தண்ணியில வெச்சுப் பாத்தேன். வெயில்ல வெச்சுப் பாத்தேன். இவரை ஏரியைச் சுத்த விட்டேன். கழட்டிப் பாக்கலையேங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் அப்பவே சொன்னேன். நீதான் சோம்பேறின்னே" என்றேன். இப்படி ஒரு சந்தர்ப்பம் எனக்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும், விடுவேனா.

ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னால் இருந்து பேசிக்கொண்டே வந்தாள். இந்த பூட்ஸை யோசித்தவன் காலையில் மாட்டி ராத்திரி கழற்றுகிற ஊர்க்காரன். நம் ஊரில் கோயில், வீடு, சாப்பாடு என்று நாளெல்லாம் கழற்றி மாட்டுகிறோம். அப்படியானால் விலை கொடுக்க வேண்டியது தோலுக்கு மட்டும் இல்லை, கழற்றுகிற வழிக்கும்தான். வேளச்சேரி ரோடு நெரிசலில் பாதியும், நின்ற இடத்தில் மீதியும் என் காதில் விழுந்தன. வீடு வந்து சேர்வதற்குள் முடிவும் எடுத்துவிட்டாள். பூட்ஸை மாற்றப் போவதில்லை. உள்பக்கத்தில் ஜிப் வைக்கப் போகிறாள். கயிறு பார்வைக்கு அப்படியே இருக்கும்.

பல்லாவரத்தில் தோல் வேலை செய்யும் சவுரிமுத்துவின் பட்டறைக்குப் போனோம். அவர் இரண்டு விதமான ஜிப்பை எடுத்துப் போட்டார். ஒன்று பிளாஸ்டிக் பல், விலை சல்லிசு. மற்றது பித்தளைப் பல், விலையைக் கேட்டால் மோகன்ராஜுக்கு மூச்சு நின்றுவிடும். அபி இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கி வந்து, டிவி பார்த்துக்கொண்டிருந்த என் மடியில் போட்டாள். "திறந்து மூடிக்கிட்டே இருங்க." நானும் சீரியல் பார்த்துக்கொண்டே சர் சர் என்று இழுத்தேன். பிளாஸ்டிக் ஜிப் அந்த வாரத்துக்குள் பல் இளித்துவிட்டது. பித்தளை என் விரலைத்தான் இளைக்க வைத்தது. ஜிப்புக்குப் பின்னால் தோலில் ஒரு மடிப்பும் வைத்துத் தைக்கச் சொன்னாள். தண்ணீர் வந்தால் அங்கேயே நிற்க வேண்டும். சிவப்பு பக்கெட்டுக்கு மறுபடியும் வேலை வந்தது, மடிப்பு தாங்கியது.

பித்தளைக்குப் பணம்? கையுறையும் முழங்கால் பட்டையும் பெரும்பாலும் பிரிக்காமலே கிடந்தன. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார். ஆனால் ஜாய்சன் சம்மதிக்க வேண்டுமே. அபி அவர் வீட்டுக்கே போனாள். நானும் போனேன், செருப்பை வெளியே விட்டுவிட்டு.

"மேடம், கிளவுஸ் இல்லைன்னா மொத்த லுக்கும் போயிடும்" என்றார் ஜாய்சன்.

"சார், விசிட்டர் வந்தா நம்பரை போன்லதானே போடணும்? கிளவுஸ் போட்ட விரலுக்கு போன் கேக்க மாட்டேங்குது. போட்ட ஒண்ணு ரெண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் கழட்டறாங்க. நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

அவர் போட்டுப் பார்த்தார். தன் போனையே திறக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, கிளவுஸ் வேணாம், முழங்கால் பேடும் வேணாம். ஆனா மேடம், பொதுக்குழுவுக்கு அவங்களும் டெமோ குடுக்க வராங்க. ரெசிடென்ட்ஸ் யாரைச் சொல்றாங்களோ அவங்கதான். அதுல நான் தலையிட மாட்டேன்" என்றார். நேர்மையாகத்தான் சொன்னார். வாசலில் வந்து செருப்பை மாட்டும்போது அபி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். படி இறங்கி முடிக்கும்வரை விடவில்லை.

அதற்குள் சவுரிமுத்து எல்லா பூட்ஸுக்கும் பித்தளை ஜிப் வைத்துக் கொடுத்துவிட்டார். பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சர்ச் ஆராதனை முடிந்த பிறகு, அவர்களுடைய கிளப் ஹவுஸ் ஹாலில். அந்த ஹாலுக்குப் புதிதாக மரத்தரை போட்டிருந்தார்கள். பரதநாட்டிய வகுப்பும் யோகாவும் நடக்கும் இடம், காலணிக்கு அனுமதி இல்லை. வாசலில் செருப்புகள் குன்றுபோலக் கிடந்தன. நம் சிட்டிபாபு வந்தார், குனிந்தார், சர் என்று ஒரு சத்தம், பூட்ஸை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய் மைக்கைப் பொருத்தத் தொடங்கினார். கன்னியம்மா நாற்காலி போட்டாள், வெளியே போய்த் தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தூக்கி வந்தாள். போகும்போது ஒரு சர், வரும்போது ஒரு சர். யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பிறகு அந்த இன்னொரு ஏஜென்சி ஆட்கள் வந்தார்கள். மறைத்துச் சொல்லி என்ன, அசந்துவிட்டேன். ஆறடி வாலிபர்கள், கறுப்புக் கண்ணாடி, கையுறை, ஹெல்மெட், பூமி அதிர நடை. மாடிகளிலிருந்து குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள். அபி என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சிட்டிபாபு வயிற்றை உள்ளே இழுப்பதையும் மறந்து அவர்களையே பார்த்தார்.

ஹால் வாசலில் நடன வகுப்பு டீச்சரம்மா கையை நீட்டி மறித்தார். "தம்பி, ஷூ."

அவர்களுடைய சூப்பர்வைசர் ஏதோ சொல்லிப் பார்த்தார். டீச்சரம்மா தரையைக் காட்டினார். அவ்வளவுதான். கமாண்டோக்கள் எல்லாரும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கையுறையோடு கயிறு அவிழவில்லை, கையுறையைக் கழற்றினார்கள். முழங்கால் பட்டை மடங்கவிடவில்லை, அதையும் கழற்றினார்கள். உள்ளே ஜாய்சன் வரவேற்புரையை முடித்து, கணக்கு விவரத்தை முடித்து, வாசலைப் பார்த்தார். ஒரு பையனுக்கு முடிச்சு இறுகிப்போய்ப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். ஹாலில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு ஒரு வரிசை, பிறகு எல்லாரும்.

அந்த நேரம் பார்த்து பி பிளாக்கில் லிஃப்ட் மணி விடாமல் அடித்தது. யாரோ உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சிட்டிபாபுவும் கன்னியம்மாவும் கைவேலையை விட்டுவிட்டு ஓடினார்கள். வாசலில் இரண்டு சர், ஆட்களைக் காணோம். வாலிபர்களும் உதவலாம் என்று எழுந்தார்கள். பாதி அவிழ்ந்த கயிறு காலில் சுற்ற, பாவம், திரும்ப உட்கார்ந்தார்கள். அவர்களில் முதல் ஆள் வெறுங்காலோடு உள்ளே வருவதற்கும், லிஃப்ட் சாவி போட்டுத் திறந்து, காய்கறிப் பையோடு ஒரு முதியவரைக் கைத்தாங்கலாகக் கன்னியம்மா ஹாலுக்குள் கூட்டி வருவதற்கும் சரியாக இருந்தது.

அந்த முதியவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "எதைப் பத்தி ஓட்டு?" என்று கேட்டார். சொன்னார்கள். "இந்தப் பொண்ணுக்குத்தான்" என்று கையைத் தூக்கினார். ஹாலெங்கும் கைகள் எழுந்தன. ஜாய்சனும் தூக்கினார். தலையிட மாட்டேன் என்றவர், கையை மட்டும் தூக்கிவிட்டார்.

எனக்கு உடனே எழுந்து, இது என் மனைவி என்று மைக்கில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவள் என் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். இது என் மனைவி.

அவளோ நேராக வெளியே போய், அந்த சூப்பர்வைசரிடம் சிட்டிபாபுவின் பூட்ஸைத் திருப்பிக் காட்டி, "பல்லாவரத்துல ஒருத்தர் வெச்சுத் தராரு அண்ணா. ஆனா பித்தளைதான் வாங்கணும்" என்று பட்டறைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டி ஏஜென்சியிடம் தொழில் ரகசியத்தைச் சொல்கிறவளை நான் என்ன செய்ய. அந்த வாலிபர்களுக்கும் கால் இருக்கிறதே என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

எல்லாரும் கலைந்த பிறகுதான் தெரிந்தது, அபியின் செருப்பைக் காணோம். யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் குன்றில் கடைசியாக மிஞ்சிய ஒரே சோடி அவளுக்கு அளவில்லாத ஆண் செருப்பு. வளாகத்துக்கெல்லாம் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவள் வெயில் தரையில் வெறுங்காலில் நின்றாள்.

கன்னியம்மா அறைக்குள் ஓடிப்போய் எதையோ எடுத்து வந்து, குழாயில் நன்றாகக் கழுவி, அபியின் காலடியில் வைத்தாள். அந்த நீல ரப்பர் செருப்பு.

"போட்டுகினு போக்கா. எங்களுக்கு இனிமே இது வேணாம்."

அபி அதை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். தாம்பரம் வரும்வரை நெரிசலில் நின்ற இடத்திலெல்லாம் காலைக் கொஞ்சம் வெளியே நீட்டியே உட்கார்ந்திருந்தாள், நாலு பேர் பார்க்கட்டும் என்று.